எழுநூற்று நான்கு குதிரை

தவச்செல்வனுக்கு உலகத்தில் ஒரே ஒரு குறைதான். அவருடைய காரில் குதிரை காணாது. ஐம்பத்தொரு வயது, தேய்ந்த முழங்கால், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சுவிஸின் எம்மன்புரூக்கேயில் நாலாம் மாடியில் மூன்றரை அறை வீடு. இவ்வளவுக்கும் மேலே, நானூற்று இருபத்தொரு குதிரைவலுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மஸ்டாங். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு எட்டு நிமிடம். அதில் மூன்று நிமிடம் சிவப்பு விளக்கில் நின்றே கழியும். மிச்ச ஐந்து நிமிட ஓட்டத்துக்குத்தான் மனுசனுக்குக் குதிரை போதவில்லையாம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவருக்கு முன்னால் சிரித்துவிட்டு ஒருவரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

ஜெனுசனும் ஒருமுறை அப்படிச் சிரிக்க வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ஜெனுசன் தவச்செல்வனின் மனைவி ஜெயந்தியின் தம்பி. முப்பத்தொரு வயது. பதினாறு வயதில் தனியாக வந்து இறங்கி, ஆறு வருடம் அக்கா வீட்டுச் சோபாவில் படுத்தவன். இப்போது அதே ஊரில் ஒற்றை அறையில் இருக்கிறான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் மெக்கானிக்.

நித்தியானந்தனின் புது வீட்டுக் குடிபூரலில்தான் பேச்சு எழுந்தது. நித்தியானந்தன் தவச்செல்வனின் கூட்டாளி. மனுசன் கையில் கோப்பையோடு வந்து, "ஜெனுசன், நீ தொழில் தெரிஞ்சவனல்லோ. சொல்லு பாப்பம், எங்கட ரோட்டில ஓட ஒரு காருக்கு எத்தினை குதிரை வேணும்?" என்று கேட்டார்.

ஜெனுசன் உள்ளதைச் சொன்னான். "மணிக்கு நூற்றிருபதில ஒரே சீராப் போக முப்பது முப்பத்தஞ்சு குதிரை காணும் அண்ணை. ஏத்தம், முந்துறது எல்லாத்துக்கும் சேர்த்து நூற்றைம்பது எண்டால் தாராளம். அத்தான்ர காரில மிச்சமெல்லாம் சும்மா நிண்டு புல்லுத் தின்னுதுகள்."

எல்லாரும் சிரித்தார்கள். தவச்செல்வனும் சிரித்தார். பயப்பட வேண்டியது அந்தச் சிரிப்புக்குத்தான். அவர் கையைத் துடைத்துவிட்டு, நிதானமாகத் தொடங்கினார்.

"இவன் சொல்லுறது சரி. இவனுக்கு முப்பது காணும். பதினாறு வயசில வந்து இறங்கேக்க இவனிட்ட ஒரு குதிரையும் இருக்கேல்லை. ராவில பயத்தில படுக்கையை நனைச்சுப்போடுவான். மீசை அரும்பின பெடியன். ஜெயந்தி விடிய எழும்பி ஒருத்தருக்கும் தெரியாமல் தோய்ப்பாள். கீழ உடுப்புத் தோய்க்கிற அறை எங்களுக்குக் கிழமையில ஒரு நாள்தான். இவன்ர புண்ணியத்தில மற்றச் சனத்தின்ர நாளையும் கெஞ்சி வாங்கினது."

எதிரே சோபாவில் சரணியா தாய்தகப்பனோடு இருந்தாள். ஜெனுசனுக்குப் பேசியிருந்த பெண். இரண்டு முறை லூசர்ன் ஸ்டேசனில் சந்தித்துக் கோப்பி குடித்திருந்தார்கள். அவள் தன் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அவளின் தாய் போன் எடுத்து, பிள்ளைக்கு இப்போது கலியாண யோசனை இல்லை என்றார்.

அன்று படியிறங்கும்போது தவச்செல்வன் ஜெனுசனின் தோளில் தட்டினார். "பகிடிக்குச் சொன்னது. கோவிக்காதை. நித்தியானந்தன்ர மோன் சாயிசன்ர கலியாணம் ரெண்டு மாசத்தில வருது. மாப்பிள்ளைக் கார் என்ரதான். அதுக்குள்ள உந்தக் காரை எழுநூறு குதிரையாக்கித் தா. உன்ர வேலையிடத்தில ரோலர் கிடக்குத்தானே."

"செய்யிறன் அத்தான்" என்றான் ஜெனுசன்.

ரோலர் என்பது நிலத்தில் பதித்த உருளை. காரை அதன் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு மிதித்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எஞ்சினில் எத்தனை குதிரை என்று பக்கத்திலுள்ள கம்ப்யூட்டர் தாளில் அடித்துக் கொடுக்கும். கராஜ் முதலாளி நல்ல மனுசன். சனிக்கிழமைகளில் சொந்தக்காரரின் காரைச் செய்ய விட்டுவிடுவார்.

முதல் சனிக்கிழமை ஜெனுசன் மஸ்டாங்கின் முன்மூடியைத் திறந்தான். எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூடினான். எஞ்சினில் அவன் செய்த வேலை அவ்வளவுதான்.

பிறகு புகைக்குழாயில் சத்தம் அடக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, மாடு கத்துவது போல் கத்துகிற ஒன்றைப் பூட்டினான். கால் மிதியில் ஒரு சின்ன மின்பெட்டி வைத்தான். அதை வைத்தால் கொஞ்சம் மிதித்தாலே கார் பாய்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அரைக் குதிரைகூட அதிகமாகாது. கடைசியாகக் காரை ரோலரில் ஏற்றி, கம்ப்யூட்டரில் திருத்தக் கணக்குக்கு உள்ள கட்டத்தில் ஒரு பிழையான எண்ணைப் போட்டு, மிதித்தான். தாளில் எழுநூற்று நான்கு என்று வந்தது. மேலேயிருந்த கராஜின் பெயரைக் கத்தரியால் வெட்டிவிட்டு அத்தானிடம் கொடுத்தான்.

தவச்செல்வன் ஓட்டிப் பார்த்தார். முகம் பெறுமாதக் கர்ப்பிணியின் முகம் போலப் பூரித்தது. "இப்பத்தான்ரா இது கார். முதுகை இருக்கையோட ஒட்டுது" என்றார். பக்கத்தில் இருந்த ஜெனுசன் சொண்டைக் கடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். அதற்குப் பிறகு தவச்செல்வன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோயிலிலும் தமிழ்க் கடையிலும் உதைபந்தாட்டத் திடலிலும் காட்டிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு முறையும் ஜெனுசன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவன் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான நாட்கள் வேறு இருந்ததில்லை.

ஜெயந்திக்கு இந்தக் குதிரைக் கதை ஒன்றிலும் அக்கறையில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

அவள் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. எம்மன்புரூக்கேத் தமிழ்ச் சனத்துக்கு ஜெர்மன் கடிதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். காப்புறுதிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், விசாக் கடிதம் எல்லாவற்றையும் முதலில் ஜெர்மனில் வாசித்து, பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வாள். ஆனால் ஒரு கவர் மட்டும் அவள் பெயருக்கு வராது. வருடத்தில் மூன்று நாலு முறை, வாக்கெடுப்பு வருகிறபோது, அந்தக் கட்டடத்தின் தபால்பெட்டிகளில் தடித்த கவர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். தவச்செல்வன் வீட்டுப் பெட்டி வெறுமையாய் இருக்கும். குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் அது.

ஜெனுசனுக்கு மூன்று வருடத்துக்கு முன்பே சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்துவிட்டது. அவனுக்கு வரும் கவரை அவன் உடைப்பதேயில்லை. அக்காதான் அதை வாங்கி, உள்ளேயிருக்கும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து, பென்சிலால் கோடு போட்டு, எது என்ன என்று அவனுக்கு விளக்குவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். படித்து முடித்த பிள்ளை மாதிரி இருப்பாள்.

அவளும் குடியுரிமையை எப்போதோ எடுத்திருக்கலாம். தவச்செல்வன் ஜெர்மன் வாய்மொழிப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். "பெண்சாதி சுவிஸ்காரி, புருசன் அகதியோ? எடுத்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று அவளைத் தனியாக எழுத விடவில்லை. நாலாம் முறை தேறினார். இந்த வசந்த காலத்தில் ஊராட்சியில் நேர்முகமும் முடிந்தது. மேலிடத்திலிருந்து ஒரு சம்மதம் வந்தால் சரி. அதுவரைக்கும் ஒரு கறையும் படக்கூடாது என்று அந்த அலுவலகப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாயிசனின் கலியாணம் லூசர்னுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. சுற்றிவர மாட்டுப் பண்ணைகள். மேளம் முன்னால் போக, மாப்பிள்ளையை ஏற்றிய செம்மஞ்சள் கார் பின்னால் ஊர்ந்தது. தவச்செல்வன் பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி மிதித்தார். மேளகாரர் தங்களுடைய சத்தம் தங்களுக்கே கேட்காமல் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோக்காரர் இன்னொரு தடவை என்று கை காட்ட, இன்னொரு தடவை மிதித்தார். பண்ணை வீடு ஒன்றிலிருந்து யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாய் இரண்டு பொலிசார் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெண், காரில் ஏதும் மாற்றம் செய்திருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால், சத்தத்துக்கு ஒரு சின்னத் தண்டத்தோடு போயிருக்கும். ஆனால் மேளம் நின்றிருந்தது. இருநூறு சனம் வட்டமாக நின்றது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. தவச்செல்வன் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி ஜெர்மனில் எழுநூற்று நான்கு என்றார். உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். சனத்தின் பக்கம் திரும்பி, "எழுநூற்று நாலு எண்டு சொன்னனான்" என்று தமிழிலும் சொன்னார். யாரோ விசிலடித்தார்கள். ஆர் செய்தது என்று பொலிஸ் கேட்க, நானே செய்தேன் என்றார். பரீட்சையில் மூன்று முறை தவறிய ஜெர்மன் அன்றைக்கு வழுவழுவென்று வந்தது.

ஜெயந்தி கும்பலைப் பிளந்துகொண்டு தம்பியிடம் வந்தாள். பட்டுச் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு, "தம்பி, எங்கட விண்ணப்பம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெனுசன் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பக்கத்தில் பலகாரத் தட்டோடு நின்றான். பத்தடி நடந்து போய் ஒரு வசனம் சொன்னால் போதும். வாயைத் திறந்திருக்க வேண்டும். அவன் திறக்கவில்லை. அத்தான் தானே குழி வெட்டித் தானே இறங்குவதைப் பார்க்கிற சந்தோசம் அவனை விடவில்லை. பொலிஸ் பெண் இரண்டு முறை கேட்டு, தவச்செல்வன் இரண்டு முறை உறுதிப்படுத்தி, கையெழுத்தும் வைத்தார். இலக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காரைக் கட்டி இழுத்து ஜெனுசனின் கராஜ் முற்றத்தில் விட்டார்கள்.

மூன்று கிழமையில் அரச வழக்குத் தொடுநரிடமிருந்து தண்டனை ஆணை வந்தது. ஜெயந்தி அதைப் புருசனுக்கும் தம்பிக்கும் மேசையில் வைத்து வாசித்தாள். அனுமதியில்லாமல் எஞ்சின் வலுவை ஏறத்தாழ எழுநூறாகக் கூட்டி ஓட்டிய குற்றம். சந்தேகநபர் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். ஒத்திவைத்த தண்டப்பணம், இரண்டு வருடம் நன்னடத்தைக் காலம். பத்து நாட்களுக்குள் மறுத்து எழுதலாம், எழுதாவிட்டால் தீர்ப்பு உறுதி.

"உறுதியாச்சுதெண்டால் பதிவில ஏறும். விண்ணப்பம் ஒண்டெண்டதால பிறகு ரெண்டு பேருக்கும் பாஸ்போட் இல்லை. ரெண்டு வருசம் முடிய முதலிலையிருந்து தொடங்க வேணும்" என்றாள். "ஆனால் என்னத்தைச் சொல்லி மறுக்கிறது? நீங்களே சொல்லிக் கையெழுத்தும் வச்சிட்டியள்."

அப்போதுதான் ஜெனுசனின் வாயில் இருந்த இனிப்பு புளித்தது. அக்காவை இதற்குள் இழுக்க வேண்டுமென்று அவன் நினைத்ததேயில்லை. நினைக்காமல் விட்டதும் குற்றம்தானே. மூன்று நாள் தூங்காமல் கிடந்துவிட்டு, நாலாம் நாள் அத்தானைக் கராஜுக்கு வரச் சொன்னான்.

காரை ரோலரில் ஏற்றிக் கட்டினான். திருத்தக் கட்டத்தில் சரியான எண்ணைப் போட்டான். தவச்செல்வனையே மிதிக்கச் சொன்னான். மனுசன் மிதித்தார். எஞ்சின் அலறியது. திரையில் எண் ஏறி ஏறி நானூற்று ஒன்பதில் நின்றது.

"பழைய எஞ்சினல்லோ, பன்னிரண்டு செத்துப்போச்சு" என்றான் ஜெனுசன். அந்த நேரத்திலும் அவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சத்தப் பெட்டி, மிதியிலிருந்த பெட்டி, பிழையான எண். "மறுத்து எழுதுங்கோ அத்தான். அவங்கள் அளந்து பாப்பாங்கள். சத்தத்துக்கு மட்டும் சின்னத் தண்டம். மற்றதெல்லாம் விட்டுப்போகும்."

தவச்செல்வன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "ஏன் செய்தனி?" என்றார்.

"சரணியாவுக்கு முன்னால படுக்கை நனைச்ச கதை சொன்னியள்."

"அது பகிடி."

"இதுவும் பகிடிதான்."

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கணக்கு அவருக்கு விளங்கியது. "ஆருக்குத் தெரியும்?"

"எங்கள் ரெண்டு பேருக்குந்தான்."

"அப்ப அப்பிடியே இருக்கட்டும்" என்றார் தவச்செல்வன். "இருநூறு பேருக்கு முன்னால சொன்னனான். வீடியோவில கிடக்கு. இனி நானே போய், ஐயா அது பொய், என்ர மச்சான் என்னைப் பேயனாக்கிப்போட்டான் எண்டு எழுதுறதோ? இஞ்சையிருந்து ஷ்லீரன் ஊர் வரைக்கும் சிரிப்பாங்கள்."

"அக்கான்ர பாஸ்போட்?"

"இருபது வருசம் இருந்தவள். இன்னும் ரெண்டு வருசம் இருக்கமாட்டாளோ." அவர் எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னொண்டு. மறுத்து எழுதினால், அந்தத் தாளை அடிச்சது ஆர் எண்டும் எழுத வேணும். உன்ர பேரும் வரும், உன்ர முதலாளியின்ர பேரும் வரும். நான் இதுவரைக்கும் உன்னை இழுக்கேல்லை. இழுக்கட்டோ?"

ஜெனுசன் ரோலரின் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பொய்த் தாள் அடித்தவனை இந்தத் தொழிலில் ஒருவரும் வாசலுக்கும் எடுக்க மாட்டார்கள். காரின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். தவச்செல்வன் பேருந்து பிடித்து வீடு போனார்.

எட்டாம் நாள் மதியம் ஜெயந்தி கராஜுக்கு வந்தாள். வேலையின் இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். தம்பிக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு வந்திருந்தாள். முற்றத்தில் தகடில்லாமல் நின்ற காரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"தம்பி, நான் எல்லாம் வாசிச்சுப் பாத்தனான். பெருமைக்குப் பொய் சொல்லுறது குற்றமில்லையாம். காரில உண்மையா மாத்தம் இருந்தால்தான் குற்றம். இதைத் திருப்பிப் பழையபடி ஆக்கேலாதோ? அளந்து நானூற்றிச் சொச்சம் எண்டு வந்தால், அவர் சனத்துக்கு முன்னால சும்மா அளந்தவர் எண்டு நான் எழுதுவன். அவரை எப்பிடியும் கையெழுத்து வைக்கப் பண்ணுவன். இன்னும் ரெண்டு நாள் கிடக்கு."

அவள் உண்மையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது உண்மையென்று தெரியாமல் நின்றாள். முன்மூடிக்குள்ளே எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே கிடந்தது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஓம் அக்கா என்று இரண்டு சொல் போதும்.

"ஏலாது அக்கா" என்றான் ஜெனுசன். "உள்ளுக்கு எல்லாம் மாத்தியாச்சு. திருப்பினாலும் கண்டுபிடிப்பாங்கள்."

ஜெயந்தி சாப்பாட்டுப் பெட்டியை அவன் கையில் வைத்தாள். "நீ எண்டாலும் செய்யாமல் விட்டிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "சரி, சோறு ஆறுது. சாப்பிடு. பெட்டியை ஞாயிற்றுக்கிழமை தா."

அவள் போன பிறகு அவன் சாப்பிட்டான். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்குத் தபால் கந்தோர் பூட்டியது. அந்த நேரம் அவன் அதற்கு எதிரே சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தான். விளக்கு பச்சையானதும் போய்விட்டான்.

தவச்செல்வன் அந்த ஆணையைத் தூக்கிப் போடவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, விறாந்தையில் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார். "ஆரும் வாயால சொல்லலாம். எனக்கு அரசாங்கமே எழுத்தில தந்திருக்கு" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். எழுநூறு என்ற எண்ணுக்குக் கீழே மஞ்சள் கோடும் போட்டிருந்தார். ஜெயந்தி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற இடமும் அதுதான். ஒவ்வொரு நாளும் அவள் குனிந்து நிமிரும்போது அது முகத்துக்கு நேரே நின்றது.

இலக்கத் தகடு திரும்ப வேண்டுமென்றால், காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வாகன அலுவலகத்தில் காட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் ஜெனுசன் சத்தப் பெட்டியை மாற்றி, மிதிப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினான். பரிசோதகர் ஒரு கிழவர். அவசரப்படாத ஆள். காரை அரைநாள் வைத்திருந்தார். சரி என்று முத்திரை குத்தித் தகட்டையும் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள். விரிவான அறிக்கை தபாலில் வருமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் தபாலை உடைப்பது ஜெயந்தி மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு வழக்கம் போலச் சனம் வந்தது. புனிதவதி அக்கா பிளாஸ்டிக் பையில் காப்புறுதிக் கடிதங்களோடு வந்திருந்தா. நித்தியானந்தன் வந்திருந்தார். சாயிசனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். ஜெனுசன் கழுவிய சாப்பாட்டுப் பெட்டியோடு வந்திருந்தான். ஜெயந்தி ஒவ்வொன்றாக வாசித்து முடித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"எங்கட வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கு" என்றாள்.

முதலில் ஜெர்மனில் வாசித்தாள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது போலவே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "எஞ்சினில எந்த மாத்தமும் செய்யப்பட்ட அடையாளம் இல்லை. தொழிற்சாலை முத்திரை ஒண்டும் உடைபடேல்லை. எஞ்சின் ஒருபோதும் திறக்கப்படேல்லை. அளந்த வலு, நானூற்று ஒன்பது."

நித்தியானந்தன்தான் முதலில், "அப்ப அந்தத் தாள்?" என்றார். கேட்டுக்கொண்டே ஜெனுசனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் தாளைக் கேக்கேல்லை" என்றாள் ஜெயந்தி. "வெள்ளிக்கிழமை போன் எடுத்து விசாரிச்சனான். இந்த அறிக்கையை வச்சு வழக்கைத் திரும்பத் திறக்கலாமாம். ஆனால், அந்தப் பத்து நாளுக்குள்ள அவருக்கு உண்மை தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சுகொண்டு சொல்லாமல் விட்டால் திறக்க மாட்டாங்களாம். அதுதான் எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். தெரியுமோ, தெரியாதோ?"

சின்னக் கேள்வி. தெரியாது என்று ஒருவர் சொல்லி, மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவளுக்குப் பாஸ்போட் கிடைத்திருக்கும். இவ்வளவு நாளும் எத்தனை பொய் சொன்னார்கள். இன்னும் ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தவச்செல்வன் சுற்றிவர இருந்த முகங்களைப் பார்த்தார். சாயிசனின் பெண்சாதி சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். மனுசனால் பொறுக்க முடியவில்லை. "இந்த நாய்க்குத் தெரியும்" என்றார். "எல்லாம் இவன்ர வேலை. பொய்த் தாள் அடிச்சு என்னை விசரனாக்கினவன். எனக்கே பிறகுதான் சொன்னவன்."

"பிறகு இல்லை" என்றான் ஜெனுசன். அவனுக்கும் பொறுக்க முடியவில்லை. "நாலாம் நாள் சொன்னனான். ரோலரில ஏத்திக் காட்டினனான். அத்தான்தான் சொல்ல வேண்டாம் எண்டவர். சனம் சிரிக்குமாம்."

அத்தனை சாட்சிகளுக்கு முன்னால், வழக்கைத் திறக்க இருந்த ஒரே கதவை இருவருமாய்ச் சேர்ந்து சாத்தினார்கள். சாத்தின பிறகுதான் என்ன செய்தோமென்று இருவருக்கும் விளங்கியது.

"ஓம்" என்றாள் ஜெயந்தி. தம்பியின் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் எட்டாம் நாள் வந்து குறைக்கேலாதோ எண்டு கேக்கேக்க, குறைக்க ஒண்டுமே இருக்கேல்லை."

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அடுப்படிப் பக்கமிருந்து குதிரை கனைப்பது போல் ஒரு சத்தம் வந்தது. சாயிசன்தான். கலியாண மாப்பிள்ளையாக அந்தக் காரிலிருந்து இறங்கிய அதே சாயிசன். அடக்கிப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. புனிதவதி அக்கா முதலில் சிரித்தா. பிறகு நித்தியானந்தன், பிறகு எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்றையிலிருந்து எம்மன்புரூக்கேயில் தவச்செல்வனுக்கு நானூற்று ஒன்பது என்று பெயர். கோயிலில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. விறாந்தைக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றினாள். தண்டனை ஆணையை எடுத்துவிட்டு, புதுக் கடிதத்தை உள்ளே வைத்து, அதே ஆணியில் மாட்டினாள். சட்டம் சரிந்திருக்கிறதா என்று பார்த்து நேராக்கினாள். "ஒருத்தரும் இதைக் கழட்டக் கூடாது" என்றாள். தவச்செல்வன் இன்றுவரை கழற்றவில்லை. பிறகு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெனுசனுக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை.

நவம்பரில் வாக்கெடுப்புக் கவர் வந்தது. ஜெனுசன் அதை உடைக்காமல் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். இடைப்பட்ட நாளில் அவன் பத்து முறை போன் எடுத்திருந்தான். அவள் ஒருமுறையும் எடுக்கவில்லை. கீழே தபால்பெட்டிகளில் தடித்த கவர்கள் துருத்திக்கொண்டிருந்தன. நாலாம் மாடிப் பெட்டி வெறுமையாய் இருந்தது. அவன் படியேறிப் போய் மணியடித்தான்.

ஜெயந்தி கதவைப் பாதி திறந்தாள். கையில் கரண்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தச் சட்டம் தெரிந்தது.

"கவர் வந்திருக்கு அக்கா" என்று நீட்டினான்.

அவள் அதைப் பார்த்தாள். கை ஒருமுறை எழும்பப் பார்த்தது. பிறகு அதே கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உன்ர பேருக்கு வந்தது. நீயே வாசி."

"எனக்கு உந்தப் புத்தகம் விளங்காது அக்கா. நீங்கள் கோடு போட்டுத் தந்தால்தான்."

"விளங்காட்டில் குப்பையில போடு."

கதவைச் சாத்தினாள். அவன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். உள்ளே தவச்செல்வனின் குரல் கேட்டது. ஆர் வந்தது என்று கேட்டார். முன்னைப் போல அதட்டிக் கேட்கவில்லை, பயந்து பயந்து கேட்டார்.

"ஒருத்தருமில்லை" என்றாள் ஜெயந்தி. "எங்கட வீட்டுக்கு வராத கவர் ஒண்டு வந்தது. திருப்பி அனுப்பிட்டன்."